பிளானிங் போக்கர்: வேலையின் அளவைக் குழுவாக மதிப்பிடும் முறை

மென்பொருள் குழு ஒன்று அடுத்த ஸ்பிரிண்டின், அதாவது சில வார வேலைச் சுற்றின், வேலைகளைப் பேச உட்காரும்போது, "இது எவ்வளவு பெரிய வேலை?" என்ற கேள்விக்கு முதலில் வாய் திறப்பவர் சொல்லும் எண்ணே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அவர் குழுவில் மூத்தவராகவும் இருந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் "மூன்று நாள் போதும்" என்று சொன்ன பிறகு, மனத்துக்குள் பத்து நாள் என்று கணக்கிட்டிருந்தவர் ஐந்து என்கிறார். ஐந்து என்று நினைத்திருந்தவர் பேசாமல் தலையாட்டுகிறார். இதற்குக் கூச்சம் மட்டுமே காரணமன்று. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையை விவரித்திருக்கிறார்கள். ஐ.நா. அவையின் உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், பங்கேற்றவர்களின் கண்ணெதிரே ஒரு சக்கரம் சுழற்றப்பட்டது. சக்கரம் 10இல் நிற்பதைப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் இடைநிலை 25; 65இல் நிற்பதைப் பார்த்தவர்களுடையது 45. கேள்வியோடு துளியும் தொடர்பில்லாத ஓர் எண்ணே இவ்வளவு தூரம் இழுக்குமென்றால், விஷயம் தெரிந்தவர் ஒருவர் வாயிலிருந்து வரும் எண் எவ்வளவு இழுக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

பிளானிங் போக்கரில் அந்த முதல் எண் யார் காதிலும் விழுவதில்லை. ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டைத் தாமே முடிவு செய்து, அட்டையைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடியான விதி. மற்ற விதிகளைக் குழுவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்றக் கூடாது. பெயரில் போக்கர் இருந்தாலும் சீட்டாட்டத்துக்கும் இதற்கும் அட்டையை மறைத்து வைப்பது ஒன்றே பொது. அங்கே அடுத்தவரை ஏமாற்ற மறைக்கிறார்கள். இங்கே அடுத்தவரை நம் பக்கம் சாய்த்துவிடாமலிருக்க மறைக்கிறோம்.

இந்த முறையை 2002இல் எழுதி வெளியிட்டவர், மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் போக்கை முன்வைத்த அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட பதினேழு பேரில் ஒருவரான ஜேம்ஸ் கிரென்னிங். 2005இல் மைக் கோன் தமது நூலில் இதை விரிவாக விளக்கிய பின்னர் இது பரவலாயிற்று. இதற்கும் முன்னோடி உண்டு. வல்லுநர்கள் ஒருவர் கருத்து மற்றவருக்குத் தெரியாமல் சுற்றுச் சுற்றாக மதிப்பிடும் டெல்ஃபி முறை அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. அதில் நேரடி விவாதத்தைச் சேர்த்து, 1970களில் பேரி போமும் அவரோடு பணியாற்றியவர்களும் மென்பொருள் மதிப்பீட்டுக்காக அமைத்ததுதான் வைட்பேண்ட் டெல்ஃபி. கிரென்னிங்கின் முறையை அதன் எளிய, விரைவான வடிவமென்று கொள்ளலாம். ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்கிரம் என்ற முறையின் கையேடு பிளானிங் போக்கரைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, வேலையைச் செய்யப்போகும் டெவலப்பர்களே அதன் அளவை மதிப்பிடும் பொறுப்புடையவர்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆகவே "ஸ்கிரமில் இது கட்டாயம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை

அட்டை போடும் உரிமை வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு மட்டுமே உண்டு. டெவலப்பர், டெஸ்டர், டிசைனர், தரவுத்தளத்தைக் கவனிப்பவர் என்று கை வைக்கப்போகும் எல்லோரும் போடுவார்கள். டெவலப்பர் தம் பகுதியை மட்டும், டெஸ்டர் தம் பகுதியை மட்டும் மதிப்பிட்டுக் கடைசியில் கூட்டிக்கொள்ளும் வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. அது பிளானிங் போக்கர் ஆகாது. ஒவ்வோர் அட்டையும் வேலை முழுவதும் முடிந்து பயனரிடம் போய்ச் சேரும் வரைக்குமான மதிப்பீடாக இருந்தால்தான், அட்டைகள் வேறுபடும்போது அந்த வேறுபாட்டுக்குப் பொருள் இருக்கும். எதைச் செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனர் கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் அட்டை போடக் கூடாது. ஸ்கிரம் மாஸ்டர் கூட்டத்தை நடத்துவார். அவரும் நிரல் எழுதுபவராக இருந்தாலொழிய அவருக்கும் அட்டை இல்லை. மேலாளர் வராமலிருப்பது நல்லது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும், பெரிய எண் விழும்போது அவர் புருவம் உயர்கிறதா என்று நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது அளவுகோல். இன்று பெரும்பாலான அட்டைக் கட்டுகளில் 0, ½, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்ற எண்களும், கேள்விக்குறி, முடிவிலி, காபிக் கோப்பை என்ற மூன்று அட்டைகளும் இருக்கின்றன. ½ நீங்கலாக 13 வரை ஃபிபோனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது) வரும் எண்கள் அதற்கு மேல் வேண்டுமென்றே உருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 21 என்று போட்டால் யாரோ நுணுக்கமாகக் கணக்கிட்டது போன்ற தோற்றம் வந்துவிடும், 20 என்றால் அது குத்துமதிப்பு என்பது பார்த்தவுடன் தெரியும். எண்களுக்கிடையிலான இடைவெளி விரிந்துகொண்டே போவதற்கும் காரணம் உண்டு. சிறிய வேலைகளில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மால் உணர முடிகிறது. பெரிய வேலையில் அது 17ஆ 18ஆ என்று வாதிடுவதற்கு யாரிடமும் ஆதாரம் இருக்காது. அந்த வாதமே எழாதபடி, அத்தகைய எண்கள் கட்டிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டன.

இந்த எண்கள் நாள்களையும் மணிகளையும் குறிப்பவை அல்ல. இவை ஸ்டோரி பாயின்ட்கள். ஒரு வேலை மற்றொரு வேலையைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதனால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிக்கல் வேண்டும். குழுவில் எல்லோருக்கும் தெரிந்த, அண்மையில் செய்து முடித்த ஒரு நடுத்தரச் சிறுவேலையை எடுத்து, அதற்கு 2 அல்லது 3 என்று பெயரிடுங்கள். இருப்பதிலேயே மிகச் சிறிய வேலைக்கு 1 கொடுத்துவிட்டால், நாளை அதனினும் சிறியது வரும்போது பின்னத்தில் இறங்க வேண்டியிருக்கும். ஓர் அடிக்கல்லோடு நிற்காமல் 5க்கு ஒன்று, 8க்கு ஒன்று என்று மேலும் இரண்டு முடிந்த வேலைகளையும் தேர்ந்து, மூன்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த மூன்றையும் விளக்காமல் அட்டையைக் கையில் கொடுப்பது வீண். அவர்கள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்வார்கள்.

கட்டு விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்புறத்தில் எண்களை எழுதிக்கொண்டால் போதும். அதுவும் இல்லாவிட்டால், எண்ணி முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் விரல்களைக் காட்டலாம். இரண்டு கைகளையும் கொண்டு 8 வரை காட்ட முடியும், மூடிய கையைத் "தாங்காத அளவு பெரியது" என்று வைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து இணைந்து வேலை செய்யும் குழுக்களுக்கு, எல்லோரும் தேர்ந்த பிறகே எண்களை வெளிக்காட்டும் இணையக் கருவிகள் நிறைய இருக்கின்றன. கருவி இல்லாதபோது, ஒவ்வொருவரும் சாட் பெட்டியில் எண்ணை அடித்து வைத்துக்கொண்டு, நடத்துபவர் "இப்போது" என்றதும் அனுப்பலாம்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

பேருந்துப் பயணச்சீட்டு முன்பதிவுத் தளம் ஒன்றைக் கட்டும் குழுவை எடுத்துக்கொள்வோம். நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர். கைப்பேசி எண்ணை ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கும் வசதியை ஏற்கெனவே செய்து முடித்து, அதை 3 என்று அடிக்கல்லாக வைத்திருக்கிறார்கள். இப்போது முன்னால் இருக்கும் ஸ்டோரி, அதாவது பயனரின் பார்வையில் எழுதிய வேலைக் குறிப்பு, இது: "பயணி தம் பயணச்சீட்டை ரத்து செய்தால், விதிப்படி கழிக்க வேண்டியதைக் கழித்து மீதிப் பணம் அவருக்குத் திரும்பிப் போக வேண்டும்."

ப்ராடக்ட் ஓனர் ஸ்டோரியைப் படித்து, எவை நிறைவேறினால் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம் என்ற நிபந்தனைகளையும் சொல்கிறார். குழு கேள்வி கேட்கிறது. புறப்படுவதற்கு எத்தனை மணி நேரத்துக்கு முன்பு வரை ரத்து செய்யலாம், கழிவு விகிதம் பேருந்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுமா என்பன போன்ற கேள்விகளுக்கு இங்கே முழு உரிமை உண்டு. ஆனால் இந்தக் கட்டத்தில் அளவைச் சுட்டும் எந்தச் சொல்லும் வெளிவரக் கூடாது. "இது சின்ன வேலைதானே" என்று ஒருவர் முனகினாலே சக்கரம் சுழன்றுவிட்டது. நடத்துபவர் தடுக்க வேண்டியது எண்களை மட்டுமன்று, "சும்மா", "ஒரே நாளில்", "அய்யோ" போன்றவற்றையும்தான்.

கேள்விகள் ஓய்ந்ததும் ஒவ்வொருவரும் ஓர் அட்டையைத் தேர்ந்து கவிழ்த்து வைக்கிறார்கள். எல்லோரும் வைத்துவிட்டார்கள் என்பதை உறுதி செய்துகொண்டு நடத்துபவர் சொல்ல, எல்லா அட்டைகளும் ஒன்றாகத் திரும்புகின்றன: 3, 5, 5, 5, 13.

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் தவறிழைக்கின்றன. மூன்று பேர் 5 என்கிறார்கள், ஆகவே 5 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவது எளிது. ஆனால் அப்படிப் போவதானால் அட்டையே தேவையில்லை, கை தூக்கச் சொல்லியிருக்கலாம். பெரும்பான்மை அல்ல, இரண்டு ஓரங்களில் நிற்பவர்களே முதலில் பேச வேண்டும். 3 போட்ட டெவலப்பர் சொல்கிறார்: பணம் செலுத்தும் கேட்வேயில் பணத்தைத் திருப்பியனுப்பும் ஏபிஐ (நம் நிரல் அழைத்துப் பயன்படுத்தும் இணைப்பு) ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு திட்டத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம், அந்த நிரலை எடுத்துக்கொள்ளலாம். இது மற்ற மூவருக்கும் தெரியாத செய்தி. 13 போட்டவர் டெஸ்டர். அவர் கேட்கிறார்: ஒரே முன்பதிவில் நான்கு பேர் இருந்து இரண்டு பேர் மட்டும் ரத்து செய்தால் என்ன ஆகும், கூப்பன் தள்ளுபடியை நால்வருக்கும் எப்படிப் பிரிப்பது, யூபிஐ வழியாகத் திரும்பும் பணம் வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் நிலுவையில் நின்றுவிட்டால் பயணிக்குத் திரையில் எதைக் காட்டுவது? இந்த மூன்றையும் 5 போட்டவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

இப்படிப் பேசும்போது, 13 போட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள வாதாடுபவராகவோ 3 போட்டவர் அவசரக்காரராகவோ நிறுத்தப்படக் கூடாது. "ஏன் இவ்வளவு?" என்று கேட்பதைவிட "நாங்கள் பார்க்காத எதை நீங்கள் பார்த்தீர்கள்?" என்று கேட்பது நல்ல பயன் தரும். ஓரத்தில் நின்றவர் புதியவராக இருந்தால், அவரையே முதலில் பேச வைத்து, மூத்தவரைப் பின்னால் பேசச் சொல்லுங்கள். நம் அலுவலகங்களில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் வந்துவிட்டாலும், மூத்தவர் ஒருமுறை விளக்கிவிட்ட பிறகு அவரை மறுத்துப் பேசும் இளையவர்கள் குறைவு. அட்டை அந்தத் தயக்கத்தைத் திரும்பும் அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே நீக்குகிறது, அதற்குப் பிறகு நடத்துபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுக்கு ஒரு வரம்பும் வேண்டும். இரண்டு நிமிட மணற்கடிகாரமோ கைப்பேசி டைமரோ வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் மீண்டும் அட்டை போடுங்கள். இரண்டாம் சுற்றில் எண்கள் பெரும்பாலும் நெருங்கி வந்துவிடும். மேற்சொன்ன குழுவில் ப்ராடக்ட் ஓனர் குறுக்கிட்டு, சிலரை மட்டும் ரத்து செய்யும் வசதி முதல் வெளியீட்டில் தேவையில்லை, அதைத் தனி ஸ்டோரியாகப் பிரித்துவிடலாம் என்கிறார். முழு முன்பதிவையும் ரத்து செய்யும் ஸ்டோரிக்கு எல்லோரும் 5 போடுகிறார்கள். பகுதியளவு ரத்துக்கு 8. ஒரே ஸ்டோரியாக விட்டிருந்தால், ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு நாளில் அந்தக் கூப்பன் கணக்கு தலையெடுத்திருக்கும்.

எண்கள் ஒத்துவராதபோது

மூன்று சுற்று ஆன பிறகும் இரண்டு பேர் 5இலும் மூன்று பேர் 8இலும் நின்றால், 8 என்று எழுதிவிட்டு நகருங்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையில் நான்காம் சுற்று நடத்திப் பெறும் துல்லியம், அதற்குச் செலவாகும் நேரத்துக்கு ஈடாகாது. பெரியதைத் தேர்வதற்குக் காரணம், வேலையின் அளவில் நாம் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடும் பக்கமே தவறுகிறோம் என்பது. ஆனால் சராசரி எடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். 3க்கும் 13க்கும் நடுவில் 8 என்று எழுதினால், அந்த அறையில் யாருமே நம்பாத ஓர் எண் பதிவாகிறது. அதோடு, ஒருவர் அறிந்த ஏதோ ஒன்றை மற்றவர் அறியவில்லை என்ற செய்தியும் அந்தச் சராசரிக்குள் புதைந்துவிடுகிறது.

மூன்று சுற்றுக்குப் பிறகும் 3, 13 என்று அகன்றே நின்றால், அது மதிப்பீட்டுச் சிக்கல் அன்று. ஸ்டோரி தெளிவாக இல்லை, அல்லது இரண்டு பேரும் வெவ்வேறு வேலைகளைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, ப்ராடக்ட் ஓனர் தெளிவாக்கிக்கொண்டு வரட்டும். தொழில்நுட்பம் புரியாததே காரணமென்றால், ஒரு நாளோ இரண்டு நாளோ வரம்பிட்டு, ஆராய்ந்து பார்ப்பதற்கு மட்டும் ஒரு ஸ்பைக் வேலையை உருவாக்கி, அதன் முடிவு தெரிந்த பின் மதிப்பிடலாம். கேள்விக்குறி அட்டை இதற்காகவே இருக்கிறது. அதைப் போடுபவரை ஏளனமாகப் பார்க்கும் குழுவில் யாரும் அதைப் போட மாட்டார்கள், பதிலாக 5 போட்டுவிடுவார்கள். முடிவிலி அட்டை, வேலை மதிப்பிட முடியாத அளவு பெரியது என்று பொருள்படும். 20க்கு மேல் எது வந்தாலும் ஸ்பிரிண்டுக்குள் எடுக்காமல் பிரிக்க வேண்டும் என்று பல குழுக்கள் விதி வைத்திருக்கின்றன, நான் 13லேயே பிரிக்கச் சொல்வேன். காபிக் கோப்பைக்கு விளக்கம் வேண்டாம். அதை யாரும் போடாமலே ஒன்றரை மணி நேரம் கடந்துவிட்டால் நடத்துபவரே போட்டுவிடலாம்.

எல்லோரும் முதல் சுற்றிலேயே 5 போட்டால் மகிழ்ந்து அடுத்ததற்குப் போகலாமா? பெரும்பாலும் போகலாம். ஆனால் ஸ்டோரி புதிய துறையைத் தொடுவதாக இருந்தால், ஒருவரிடம் மட்டும் "எதையெல்லாம் சேர்த்து 5 என்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரின் ஐந்தில் தரவுத்தள மாற்றம் இருக்கும், மற்றவரின் ஐந்தில் அது இருக்காது. தொடர்ந்து எல்லா ஸ்டோரிக்கும் எண்கள் ஒத்துப்போகத் தொடங்கினால், யாரோ தயங்கிக் காத்திருந்து கடைசியில் அட்டையை மாற்றுகிறார்களா என்று கவனிப்பது நடத்துபவரின் வேலை.

கிடைத்த எண்களைக் கொண்டு என்ன செய்வது

ஸ்பிரிண்டின் முடிவில், முழுதும் முடிந்த ஸ்டோரிகளின் எண்களைக் கூட்டினால் வருவது வெலாசிட்டி. தொண்ணூறு விழுக்காடு முடிந்த ஸ்டோரிக்குப் பூஜ்யம்தான். அது அடுத்த ஸ்பிரிண்டில் முடியும்போது முழு எண்ணும் அங்கே சேரும். ஒரு குழுவின் கடைசி நான்கு ஸ்பிரிண்டுகளில் 21, 26, 18, 24 என்று வந்திருப்பதாகவும், பேக்லாக்கில் (செய்ய வேண்டிய ஸ்டோரிகளின் பட்டியலில்) 180 பாயின்ட் மீதமிருப்பதாகவும் கொள்வோம். நன்றாக ஓடினால் ஏறக்குறைய 7 ஸ்பிரிண்டு, மந்தமாக ஓடினால் 10. இரண்டு வார ஸ்பிரிண்டு என்றால் 14 முதல் 20 வாரம். வாடிக்கையாளரிடம் இந்த வீச்சைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரே தேதியைக் கேட்பார்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால் 20 வாரத்தைக் கொடுங்கள்.

"ஒரு பாயின்ட் என்றால் எத்தனை மணி நேரம்?" என்ற கேள்வி, மணிக்கணக்கில் கட்டணம் பெறும் சேவை நிறுவனங்களில் தவறாமல் எழும். 1 பாயின்ட் 8 மணி நேரம் என்று அட்டவணை போட்ட மறுநாளிலிருந்து, எல்லோரும் மணி நேரத்தை மனத்தில் கணக்கிட்டுப் பாயின்டாக மொழிபெயர்த்து அட்டை போடத் தொடங்குவார்கள், ஒப்பீடு செத்துவிடும். ஒப்பந்தத்துக்கு மணிக்கணக்கு தேவையென்றால், குழுவின் ஆள் எண்ணிக்கையையும் ஸ்பிரிண்டு எண்ணிக்கையையும் ஒரு ஸ்பிரிண்டில் ஒருவரின் வேலை மணிகளையும் பெருக்கிக் கொடுத்துவிடலாம், அட்டைகளைத் தொட வேண்டியதில்லை. அதேபோல ஒரு குழுவின் 40ஐயும் இன்னொரு குழுவின் 25ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை, அடிக்கல்லே வெவ்வேறு. ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் பாயின்ட் நுழைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்பு 3 என்றிருந்த வேலைகள் ஆறே மாதத்தில் 5 ஆகும், வெலாசிட்டி அழகாக ஏறும், வெளியாகும் மென்பொருள் அதே அளவில் இருக்கும். ஸ்டோரி பாயின்டை உருவாக்கியவர் தாமாக இருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரீஸ், அதற்காகப் பின்னாளில் வருத்தம் தெரிவித்து எழுதியதற்கு இத்தகைய பயன்பாடுகளே காரணம்.

முடிந்த வேலை நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது என்பதற்காக அதன் எண்ணைத் திருத்த வேண்டாம். 5 என்று போட்டது உண்மையில் 8 போல இழுத்திருந்தால், வெலாசிட்டி குறைந்து அந்தத் தவறு தானே கணக்கில் ஏறிவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வகை வேலைகள் எல்லாம், சான்றாகப் பணம் திருப்பியனுப்பும் வேலைகள் எல்லாம், தொடர்ந்து குறைத்தே மதிப்பிடப்பட்டது தெரியவந்தால், பேக்லாக்கில் இன்னும் தொடாமல் இருக்கும் அந்த வகை ஸ்டோரிகளை மறுபடியும் அட்டை போட்டு மதிப்பிட வேண்டும். அடிக்கல் வரிசையில் அதுபோன்ற முடிந்த வேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தாது. புதிய திட்டத்தின் தொடக்கத்தில் நூறு நூற்றைம்பது ஸ்டோரிகள் குவிந்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அட்டை போட உட்கார்ந்தால் இரண்டு நாள் போய்விடும். அப்போது ஸ்டோரிகளைத் தாளில் எழுதி, சுவரில் சிறியதிலிருந்து பெரியது வரை குழுவே பேசாமல் அடுக்கி, பிறகு அந்த வரிசையை 2, 3, 5, 8 என்று பத்திகளாகப் பிரித்துக்கொள்வது விரைவானது. இரண்டு பேர் மாறி மாறி இடம் மாற்றும் தாள்களுக்கு மட்டும் அட்டையை எடுத்தால் போதும். பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மென்பொருளில் திடீரென்று கிளம்பும் பிழைகளை மதிப்பிட முயல வேண்டாம், காரணம் தெரியும் வரை அவற்றின் அளவு யாருக்கும் தெரியாது. அவற்றுக்கென ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. ஸ்டோரிகளை ஏறக்குறைய ஒரே அளவில் சிறிதாக வெட்டப் பழகிவிட்ட குழுக்கள் பாயின்டை விட்டுவிட்டு ஸ்டோரிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்தே திட்டமிடுகின்றன; அந்த நிலையை அடைந்த குழுவும், புதிய துறையில் கால் வைக்கும் ஸ்டோரி வரும்போது மட்டும் அட்டைக் கட்டை எடுப்பது நல்லது.